தம்பிக்கு மட்டும் ஒரு சாவி

நான் டீ போட்டு அடுப்பை அணைச்சா, எங்க அண்ணி எழுந்து போய் கேஸ் திருகை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வருவாங்க. என் கண்ணு முன்னாடியே. "இப்பதானே அண்ணி மூடினேன்?"னு கேட்டா, "நீ மூடினடி. அது மூடிக்கிச்சான்னு பாத்தேன்"பாங்க. எங்க அண்ணன் அணைச்சாலும் அதே கதைதான். கட்டின புருஷனாச்சேன்னு ஒரு சலுகையும் கிடையாது.

அந்த வீட்ல அவங்க எழுந்து போய்ப் பாக்காத ஒரே ஆளு அவங்க தம்பி. அவன் அணைச்சா அணைஞ்சதுதான். அதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். இதை மறைச்சு என்ன ஆகப் போகுது.

நான் நாத்தனார். நாத்தனார் வாயில அண்ணி கதைன்னதும் கேக்கறவங்க ஒரு காதைப் பொத்திக்குவாங்க. பொத்திக்கோங்க, பரவாயில்ல. கல்யாணம் ஒத்துவராம அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவ நான். வந்த கையோட தன் ஆபீஸ்லயே எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுத்ததும் இதே அண்ணிதான். ஃபோன் எடுத்து, திட்டு வாங்கி, "பாத்துச் சொல்றோம்ங்க"ன்னு சொல்ற வேலை. வீடு, ஆபீஸ் ரெண்டு இடத்துலயும் அவங்களைப் பாத்துக்கிட்டே இருக்கிறவங்க நானும் அந்தத் தம்பியும்தான். அவன் வாயைத் திறக்க மாட்டான். அதனால நான் சொல்றேன்.

ஆபீஸ்ல அண்ணிக்குப் பேரு பூட்டக்கா. முகத்துக்கு முன்னாடி மேடம், முதுகுக்குப் பின்னாடி பூட்டக்கா. டயர் கடைக்கு மேல ஒரு நீள மாடி, அதான் எங்க ஆபீஸ். ஜன்னலைத் திறந்தா ரப்பர் வாடை, மூடினா வேர்வை வாடை. சிறுநீரகம் கெட்டுப் போனவங்க டயாலிசிஸ்க்கு நேரம் பதிவு பண்ற ஒரு வெப்சைட்டை நாங்க நடத்துறோம். எந்த மையத்துல, எந்த நாற்காலி, எத்தனை மணிக்குன்னு பாத்து பதிவு பண்ணிக்கலாம். முடியலைன்னா வேற நேரத்துக்கு மாத்திக்கலாம். பத்து பேர் சேந்து புரோகிராம் எழுதுவாங்க. எழுதினதை பத்திரமா ஜனங்க கையில கொண்டு போய்ச் சேக்கறதுதான் அண்ணியோட வேலை. அதுக்கு டிப்ளாய்னு சொல்வாங்க.

சும்மா கொண்டு போய்ச் சேக்கறதா என்ன? யாரு என்ன எழுதிக் குடுத்தாலும் அது அவங்க கட்டி வச்சிருக்கிற பைப்லைன் வழியாத்தான் போகணும். எழுதினதை மிஷினே எடுத்து, சோதனை மேல சோதனை வச்சு, தேறினா மட்டும் ஒரு டப்பாவுக்குள்ள போட்டு சீல் வைக்கும். கன்டெய்னர்ங்கிறது அதோட பெரிய பேரு, எங்களுக்கு டப்பா. புரோகிராம், அதுக்கு வேண்டிய சாமான் சட்டி எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். அந்த டப்பா இங்க எப்படி ஓடுதோ அப்படியேதான், எங்கயோ எவனோ வாடகைக்கு விட்டிருக்கிற கிளவுட் மிஷின்லயும் ஓடும். ஒரு டப்பாவைக் கோடவுன்ல வச்சுக்கிட்டு, அதே மாதிரி இன்னொண்ணை எடுத்து ஓட விடுவாங்க. புது டப்பா வந்ததும் ஓடிக்கிட்டிருந்த பழைய டப்பா குப்பைக்குப் போயிடும். சுவத்துல ஒரு டிவி. யாரு பேர்ல என்ன போச்சு, தேறினா பச்சை, தேறலைன்னா சிவப்பு. சிவப்புல தன் பேரைப் பாத்தவன் அன்னைக்கு டீ குடிக்கவே கீழ இறங்க மாட்டான்.

அண்ணியோட ஒரே சட்டம் இதுதான். "ஓடுற டப்பாவுக்குள்ள எவனும் கையை விடக் கூடாது. விட்டவன் யாரா இருந்தாலும் வெளிய."

இந்த சந்தேகம் அவங்களுக்குப் பிறவிக் குணம்னு சொல்ல முடியாது. முதல் வேலையில அவங்க பரீட்சை முடிவு போடற ஒரு வெப்சைட்டைப் பாத்துக்கிட்டாங்க. அப்போ டப்பாவும் இல்ல, பைப்லைனும் இல்ல. கையால எடுத்துக் கையாலயே வைக்கணும். முடிவு வர்ற அன்னைக்குக் காலையில பக்கத்து சீட்டுக்காரன், "ஒண்ணுமில்லைங்க, ஒரு கமா மாத்தினேன், என் மிஷின்ல நல்லா ஓடுது"ன்னான். அண்ணியும் நம்பி ஏத்திட்டாங்க. சைட்டு படுத்துடுச்சு. பசங்களும் பெத்தவங்களும் வாசல்ல வந்து கத்த, கமா போட்டவன் கழிவறைக்குப் போனவன் போனவன்தான். திட்டு மொத்தமும் அண்ணி தலையில. "அன்னையிலேருந்து 'என் மிஷின்ல ஓடுது'ன்னு எவன் சொன்னாலும் எனக்கு அவன் மூஞ்சியில அந்தக் கமா தெரியுதுடி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. சிரிப்பு கண்ணுக்கு ஏறாது.

எங்க அண்ணன் கல்யாணப் பேச்சு வந்தப்போ இவங்க என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. அண்ணன் பல்செட் செய்யற லேப்ல வேலை பாக்கறவர். இவங்க இல்லாத பல்வலியோட அங்க போய், அவர்கிட்டயே தாடை அளவு குடுத்துட்டு, கோபப்படுறாரா, பொய் சொல்றாரான்னு சோதிச்சுட்டு வந்திருக்காங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் அண்ணனுக்கே விஷயம் தெரியும். அவர் சாது, "தேறிட்டேனா?"ன்னு மட்டும் கேட்டார். "பாதி"ன்னாங்களாம்.

இப்படிப்பட்ட மனுஷிக்கு தம்பி மட்டும் எப்படி விதிவிலக்குன்னு கேட்டா, அவங்க அம்மா செத்தப்போ அவனுக்குப் பால்பல்கூட விழல. அப்பா ஷிப்டு வேலை. ஷூ லேஸ் கட்டினது, எழுத்துப் படிக்க வச்சது, காய்ச்சல்ல மடியில போட்டுக்கிட்டது எல்லாம் அண்ணிதான். "என்கிட்ட அவன் பொய் சொன்னதே இல்ல"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்வாங்க. அவனும் நல்ல பையன்தான். என்னை, "என்னங்க நாத்தனாரே, இன்னைக்கு யாரு உங்களைத் திட்டினாங்க?"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே எனக்குக் குடையைக் கொண்டு வந்து குடுப்பான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவனையும் எங்க ஆபீஸ்லயே சேத்துவிட்டாங்க. பதிவு நேரத்தை மாத்திக்கிற பகுதி முழுக்க அவன் எழுதினது. அதைச் சேக்கும்போது முதலாளி, "இதுக்கு சோதனை எங்கம்மா?"ன்னு கேட்டார். "அது என் தம்பி பண்ணது சார். சோதிச்சிருப்பான். நான் பொறுப்பு"ன்னாங்க அண்ணி. அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஓடுற டப்பாவைத் திறக்கிற சாவி ரெண்டு வச்சிருந்தாங்க. கம்ப்யூட்டர் சாவிதான், கைக்கு அகப்படாது. ஒண்ணு அவங்ககிட்ட, இன்னொண்ணு தம்பிகிட்ட.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தான். எங்களுக்கு அவன் பேரே 'புதுசு'தான். பக்கத்தோட நிறம், எழுத்தோட அளவு, பட்டன் எங்க இருக்கணும், இதெல்லாம் அவன் வேலை. மத்தவங்க எழுதினது எப்பவாவதுதான் போகும், இவன் அடிக்கடி சின்னச் சின்னதா மாத்தி பைப்லைன்ல விடுவான். பச்சை வரும், புது டப்பா போகும். அமைதியான பையன். பொண்டாட்டி மாசமா இருக்கா, இந்த வேலையை நம்பி வீடு மாறி வந்திருக்கான், ஆறு மாசம் தேறினாத்தான் வேலை நிரந்தரம்.

அவன் வந்த கொஞ்ச நாள்ல ஒரு மையத்துலேருந்து நர்ஸ் எனக்கு ஃபோன் பண்ணாங்க. "மேடம், ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் உங்க சைட்டு உறுதி குடுத்திருக்கு. யாரை நான் திருப்பி அனுப்ப?" பின்னாடி ஒரு பெரியவர் குரல், "மூச்சு வாங்குதும்மா, சீக்கிரம் பாருங்க"ன்னு. ஓடிப் போய் எல்லார்கிட்டயும் சொன்னேன். அவங்க பாக்க ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல தானாவே சரியாயிடுச்சு. சோதிச்சுப் பாத்தா கோளாறே இல்ல. பேய் வந்து போன மாதிரி.

அடுத்த வாரம் திரும்பவும் அதே. அதுக்கடுத்தும் அதே. அண்ணி டிவி பக்கத்துல நின்னு யோசிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் நர்ஸோட ஃபோன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பச்சையில ஒரே பேரு. புதுசு.

"அவன் கை வச்சாத்தான் வருது"ன்னாங்க அண்ணி.

"பட்டனுக்கு நீலம் அடிச்சா நாற்காலி எப்படி அண்ணி ரெண்டு பேருக்குப் போகும்?"

"அதான்டி எனக்கும் சந்தேகம்."

அன்னையிலேருந்து அந்தப் பையனுக்கு ஏழரைதான். அவன் எழுதினதை ஒவ்வொரு வரியா உக்காந்து படிச்சாங்க. ஒண்ணும் கிடைக்கல. ஒண்ணும் கிடைக்காதது அவங்களுக்கு இன்னும் பெரிய சந்தேகம். "சுத்தமா இருக்கு. இவ்ளோ சுத்தமா எவன் எழுதுவான்?" அவன் பழைய ஆபீஸை ஏன் விட்டான்னு விசாரிச்சாங்க. அவன் ஃபோன் பேச படிக்கட்டுக்குப் போனா இவங்க கண்ணும் கூடவே போகும். அது பொண்டாட்டிக்கு வாந்தி நின்னுச்சான்னு கேக்கற ஃபோன்னு எனக்குத் தெரியும், நான் படியிலதானே டீ குடிப்பேன். சொன்னேன். "உனக்குக் கேக்கற மாதிரி பேசுவான், நீயும் நம்புவ"ன்னாங்க. போங்க அண்ணி, நீங்களும் உங்க மூளையும்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அவங்க சந்தேகம் வெறும் சந்தேகமா நிக்காது. வேலை செய்யும். கோடவுன்ல இருக்கிற டப்பாவையும் ஓடுற டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. ரெண்டும் ஒரே அச்சா இருக்கணும். இல்ல. நேரம் மாத்திக்கிற பகுதியில, ஓடுற டப்பாவுக்குள்ள மட்டும் நாலஞ்சு வரி வேற மாதிரி இருந்துச்சு. யாரோ உள்ள கையை விட்டிருக்காங்க. அதுல வேடிக்கை என்னன்னா, கோடவுன்ல இருந்ததுதான் தப்பு, கை வச்சதுதான் சரி. திருடன் உள்ள பூந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டுப் போயிருக்கான்.

அதனாலதான் பேய் வந்து வந்து போயிருக்கு. எவனோ ரொம்ப நாளாவே ரகசியமா டப்பாவுக்குள்ள கோளாறைச் சரி பண்றான். புதுசு அவன் பாட்டுக்கு நீலம் பச்சைன்னு மாத்தி விடறான், கோடவுன்லேருந்து புது டப்பா வருது, சரி பண்ணினது பழைய டப்பாவோட குப்பைக்குப் போகுது, கோளாறு திரும்ப எட்டிப் பாக்குது. புதுசு செஞ்ச ஒரே பாவம் ஒழுங்கா வேலை பாத்தது.

எனக்கு அப்படித்தான் தோணுச்சு. அண்ணிக்குத் தோணல. "பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுறான்டி"ன்னாங்க. "அவனே கெடுத்து அவனே சரி பண்றான். நாளைக்கு நான்தான் காப்பாத்தினேன்னு முதலாளிகிட்ட போய் நிப்பான். சாவியை எப்படியோ எடுத்திருக்கான்." நேரா முதலாளி ரூமுக்குப் போய், அவனை நிறுத்தச் சொல்லிட்டாங்க. முதலாளி பழைய மருந்துக் கம்பெனி ஆளு, யாரையும் அனுப்பணும்னா அவருக்கு மனசு வராது. "ஆதாரம் இருக்காம்மா?"ன்னார். "கொண்டு வர்றேன் சார்." "சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். நீங்க சொன்னா அனுப்பிடறேன்."

இந்தப் பேச்சு நடக்கறப்போ தம்பி கண்ணாடிக் கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்தான். அவன் மூஞ்சி வெளுத்திருந்துச்சு. அன்னைக்கு அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. நான் பாத்தேன். பாத்து மனசுல முடிச்சும் போட்டு வச்சேன்.

அண்ணி பொறி வச்சாங்க. திருடன் மறுபடி வரட்டும்னு கோடவுன்ல இருந்த தப்பைத் திருத்தாமலே விட்டாங்க. யாருக்கும் சொல்லாம பழைய சாவிங்களைச் செல்லாமப் பண்ணிட்டாங்க. இனிமே எவன் உள்ள போக முடியலைன்னு முழிக்கிறானோ அவன்தான் திருடன். தனக்கு ஒரு புது சாவி போட்டாங்க. அப்புறம் சாயங்காலம் வீட்ல சோபாவுல உக்காந்து, தம்பிக்கு மட்டும் ஒரு புது சாவி போட்டுக் குடுத்தாங்க. "உன்கிட்ட இருக்கட்டும்டா. யாருக்கும் தெரிய வேணாம்." அவன் அக்காவை ஒரு நிமிஷம் பாத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி, "போய்ச் சாப்பிடு, மெலிஞ்சுட்ட"ன்னு தலையைத் தடவினாங்க. அவன் வாயை மூடிக்கிட்டான்.

மறுநாள் புதுசு ஏதோ பட்டனை ஓரமா தள்ளி பைப்லைன்ல விட்டான். பச்சை. கொஞ்ச நேரத்துல நர்ஸ் ஃபோன், "மேடம், திரும்பவும் ரெண்டு பேர்." அண்ணி தன் மிஷின் முன்னாடி பூனை மாதிரி உக்காந்திருந்தாங்க. அவங்க கண்ணு மொத்தமும் புதுசு மேல. புதுசு கீழ போய் டீ குடிச்சுக்கிட்டிருந்தான், எனக்கு ஜன்னல்லேருந்தே தெரியுது. அவன் கிளாஸை வைக்கிறதுக்குள்ள கோளாறு சரியாயிடுச்சு.

அண்ணி ஓடுற டப்பாவைத் திறந்து பாத்தாங்க. அதே நாலஞ்சு வரி.

சாவி இருக்கிறது ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தங்க இங்க உக்காந்திருக்காங்க. கணக்கு அவ்ளோதான், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அண்ணி மூஞ்சியில அந்தக் கணக்கு ஏறவே இல்ல. ஏற விடல. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட கழட்டாம என்னைக் கூப்பிட்டாங்க.

"நேத்து தம்பி குளிக்கப் போனப்போ அவன் லேப்டாப் திறந்து கிடந்துச்சு. நீ தொட்டியா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாச்சு. புரிஞ்சதும் தலைக்கு ஏறிடுச்சு.

"என்னது? நானா?"

"கேக்கறேன், அவ்ளோதான். புதுசு உன்கிட்ட படிக்கட்டுல பேசறான்ல..."

"அண்ணி, போதும். இந்த வீட்ல நான் மூடின அடுப்பை நீங்க மூடுவீங்க, பொறுத்துக்கிட்டேன். நான் பூட்டின கதவை இழுத்துப் பாப்பீங்க, பொறுத்துக்கிட்டேன். ஃபோன் எடுக்கத் தவிர ஒண்ணும் தெரியாத என்னை, கிளவுட்டுக்குள்ள பூந்து புரோகிராம் திருத்தினவள்னு சந்தேகப்படுறீங்களே, கொஞ்சமாவது நியாயம் இருக்கா? புதுசை சந்தேகப்பட்டீங்க, என்னை சந்தேகப்பட்டீங்க, போற போக்குல அந்த நர்ஸைக்கூட சந்தேகப்படுவீங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நீங்க குடுத்தது. அவன் மேல ஒரு பொட்டு சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு மத்தவங்க எல்லார் மேலயும் சேத்தை வாரி இறைக்கிறீங்க. அங்க ஒருத்தன் பிள்ளை பெறப் போற பொண்டாட்டியோட நடுத்தெருவுல நிக்கப் போறான்!"

அண்ணன் பேப்பரைக் கீழ வச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தார். அண்ணி நேரா தம்பி ரூம் வாசல்ல போய் நின்னாங்க. அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தான். நான் கத்தினது எல்லாம் அவன் காதுல விழுந்திருக்கும்.

"நீ உள்ள போனியா?"

"போனேன்க்கா."

"எல்லாத் தடவையும்?"

"எல்லாத் தடவையும்."

அண்ணி கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏன்டா? பைப்லைன்ல விட்டிருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்குமேடா. நாலு வரி."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சான். "விட்டா டிவியில வரும். என்னத்துக்கு மாத்தினேன்னு எழுதணும். அப்போ அந்த நாற்காலி விவகாரம் என்னோட தப்புன்னு தெரிஞ்சிடும். நான் அதை சோதிக்கவே இல்லக்கா. அன்னைக்கு அவசரம், அப்படியே குடுத்துட்டேன். ரெண்டு பேரு ஒரே நேரத்துல மாத்தினா என்ன ஆகும்னு யோசிக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!"

"நீ கேட்டாத்தானேக்கா சொல்ல முடியும்? எல்லாரு வேலையையும் சல்லடை போட்டு சலிக்கிற. கேள்வி மேல கேள்வி கேக்கற. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டதில்ல. 'என் தம்பி சோதிச்சிருப்பான், நான் பொறுப்பு'ன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துட்ட. மத்தவன் தப்பு பண்ணா, உன்கிட்ட திட்டு வாங்கி, திருத்திட்டு, சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறான். எனக்கு அந்த வழியையே நீ அடைச்சுட்ட. அடுத்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு..." அவன் குரல் உடைஞ்சு போச்சு.

"அந்தப் பையன் போகப் போறான்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியேடா."

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா"ன்னு அழுதான். ஆம்பளப் பிள்ளை விம்மி விம்மி அழுறதைப் பாக்க எனக்கு சகிக்கல. அவன் மேல கோபம்தான், ஆனா பாவமாவும் இருந்துச்சு. அண்ணி போய்க் கட்டிப் பிடிப்பாங்கன்னு நெனச்சேன். பிடிக்கல. நிலையைப் பிடிச்சது பிடிச்சபடியே நின்னாங்க.

வெள்ளிக்கிழமை காலையில அக்காவும் தம்பியும் முதலாளி ரூமுக்குள்ள போனாங்க. ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு நான் கண்ணாடிக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன். ஃபோன்ல யாரும் இல்ல. அண்ணி எல்லாத்தையும் சொன்னாங்க, தம்பி தலையை ஆட்டினான். முதலாளிக்கு மூஞ்சியில நிம்மதி. யாரையும் அனுப்ப வேணாம்னு கணக்குப் போட்டுட்டார் மனுஷன்.

"சரி விடுங்கம்மா. பையன் கெடுக்கலையே, சரிதானே பண்ணியிருக்கான். வீட்டுப் பிள்ளை. ஒரு எச்சரிக்கை குடுத்து விட்டுடலாம்."

அண்ணி தம்பியைப் பாக்காமலே சொன்னாங்க, "புதுசுக்கு நான் எச்சரிக்கை கேக்கலையே சார். அவனை வேலையை விட்டு அனுப்பத்தானே கேட்டேன்."

தம்பியே, "அக்கா சொல்றது சரி சார். நான் ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்"ன்னான். "அதுக்கு முன்னாடி அந்த நாலு வரியை ஒழுங்கா அனுப்பிட்டுப் போறேன்." அண்ணி தலையாட்டினாங்க. முந்தின நாள் அவ்ளோ கத்தினவ நான்தான், இப்போ எச்சரிக்கையோட விட்டா என்னன்னு மனசு அடிச்சுக்குது. மனசுக்கு வெக்கம் ஏது.

தம்பி தன் சீட்டுல உக்காந்து முதல்ல சோதனையை எழுதினான், ரெண்டு பேரு ஒரே நேரத்துல மாத்தற மாதிரி. பழைய புரோகிராமோட அதை அனுப்பினான். டிவியில சிவப்பு, அவன் பேரோட. அந்த ரெண்டு வருஷத்துல அவன் பேரு சிவப்புல வந்ததே இல்ல. ஆபீஸ் மொத்தமும் நிமிந்து பாத்துச்சு. அப்புறம் நாலு வரியைச் சேத்து அனுப்பினான். அதுலயும் ஏதோ ஒண்ணு இடிச்சு, திரும்பவும் சிவப்பு. புதுசு தன் நாற்காலியை உருட்டிக்கிட்டு அவன் பக்கத்துல போனான். என்ன விஷயம்னு அவனுக்கு இன்னும் முழுசா தெரியாது. ரெண்டு பேரும் தலையை ஒட்டி வச்சுக்கிட்டு என்னமோ பேசினாங்க. மூணாவது தடவை பச்சை வந்துச்சு. புது டப்பா போச்சு. நர்ஸுக்கு நானே ஃபோன் பண்ணி, இனிமே வராதுன்னு சொன்னேன்.

அண்ணி புதுசுகிட்ட போய் நின்னாங்க. எல்லாரும் கேக்கற மாதிரிதான் பேசினாங்க. "உன்னை நான்தான் சந்தேகப்பட்டேன். வேலையை விட்டு அனுப்பச் சொன்னதும் நான்தான். தப்பு என் வீட்ல இருந்துச்சு. மன்னிச்சுக்கோப்பா."

அவன் எழுந்து நின்னான். "சந்தேகப்பட்டது தப்பில்ல மேடம், உங்க வேலையே அதானே. ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாம்." கோபமா சொல்லல, ஆனா சொல்லிட்டான். சொன்னது நல்லதுதான். அண்ணி சரின்னு தலையாட்டிட்டுத் தன் சீட்டுக்கு வந்து, ரெண்டு சாவியையும் அழிச்சாங்க. தம்பியோடதை மட்டும் இல்ல, தன்னோடதையும்.

அன்னைக்கு சாயங்காலம் வீட்ல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. அண்ணன் ஒரு பல்செட் அளவைக் கையில வச்சுக்கிட்டு பாக்கற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டிருந்தார். தம்பிதான் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டான். அடுப்பை அணைச்சான். கிளாஸைக் கொண்டு வந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் வச்சான். அண்ணி டீயைக் கையில எடுத்தாங்க. குடிக்கல. கிளாஸைக் கீழ வச்சாங்க. எழுந்தாங்க. சமையலறைக்குள்ள போனாங்க.

திருகைத் தொட்டு இறுக்கிப் பாக்கற சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

திரும்பி வந்து உக்காந்தப்போ அவங்களால தம்பியை நிமிந்து பாக்க முடியல. அவன் அக்காவையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் சிரிச்சான். அந்தப் பய அப்படிச் சிரிச்சு எத்தனையோ நாளாச்சு.

"எனக்கே சந்தேகமா இருக்குக்கா"ன்னான். "இன்னொரு தடவை பாத்துடேன்."

அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, திரும்பப் போய்ப் பாத்தாங்க.